குழாய்க்கு வரி, கூலிக்கு விலக்கு

தேனி மாவட்டத்தின் தேவாரம் பேரூராட்சி ஒரு எல்.இ.டி. தெருவிளக்கு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விளக்கின் விலைமேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்துத்தான் பில் வரும். அந்த வரியில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு. விளக்கைக் கம்பத்தில் ஏறி மாட்டும் வேலையை மட்டும் தனியாக ஒருவரிடம் விட்டால் அந்தக் கூலிக்கு வரி இல்லை. விளக்கையும் நீயே வாங்கி, நீயே மாட்டிக்கொடு என்று ஒரே ஒப்பந்ததாரரிடம் விட்டால் விளக்குக்கும் வரி, கூலிக்கும் வரி. விளக்கு ஒன்று, கம்பம் ஒன்று, எரியும் தெருவும் ஒன்று. கணக்கு மட்டும் மூன்று விதம்.

உள்ளாட்சி அமைப்புகள் வாங்கும் பொருளுக்கு வரி விலக்கு உண்டா, இருந்தால் எந்தச் சான்றிதழைக் காட்டிப் பெறுவது என்று கேட்டால் இன்றைய நிலையில் பதில் சுருக்கமானது. பொருளுக்கு விலக்கு இல்லை. காட்டுவதற்குச் சான்றிதழும் இல்லை. ஆனால் இந்தப் பதிலுக்கு வந்து சேர்ந்த கதை நீளமானது. அதற்குள் ஒரு காலத்தில் மாவட்ட ஆட்சியர் கையெழுத்திட்ட சான்றிதழும் இருந்தது.

அடிப்படைக் கேள்வியிலிருந்து தொடங்கலாம். ஒரு அரசு இன்னொரு அரசுக்கு ஏன் வரி கட்ட வேண்டும்? அரசியலமைப்புச் சட்டத்தின் 289-ஆவது பிரிவு மாநில அரசின் சொத்துக்கும் வருமானத்துக்கும் மத்திய அரசு வரி போடக்கூடாது என்கிறது. மாநில அரசு வாங்கும் பொருள் மாநில அரசின் சொத்துதானே, அதன்மேல் எப்படிச் சுங்கமும் கலாலும் விதிக்கலாம் என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்குப் போனது. ஒன்பது நீதிபதிகள் கேட்டார்கள். 1963-இல் வெளிவந்த அந்தக் கருத்தில் ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறு பக்கம். சுங்கமும் கலாலும் சொத்தின்மேல் போடும் வரி அல்ல. இறக்குமதி செய்தல், உற்பத்தி செய்தல் என்ற செயலின்மேல் போடும் வரி. எனவே மாநிலங்களுக்கு விலக்கு இல்லை என்பது பெரும்பான்மை முடிவு. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. மாநில அரசுக்கே அந்தக் கதி என்றால், மாநிலச் சட்டத்தால் உருவாகும் பேரூராட்சிக்கு அரசியலமைப்பில் ஒதுங்க நிழல் ஏது?

விற்பனை வரியின் வரலாறும் உள்ளாட்சிகளுக்கு அவ்வளவு அனுகூலமாக இருந்ததில்லை. மதுவிலக்கால் போன வருவாயை ஈடுகட்ட ராஜாஜி அமைச்சரவை 1939-இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. பின்னர் 1959-இல் தமிழ்நாடு பொது விற்பனை வரிச் சட்டம், 2007 ஜனவரி முதல் மதிப்புக் கூட்டு வரி, 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. இதற்கிடையே 1956-ஆம் ஆண்டின் மத்திய விற்பனை வரிச் சட்டம், வேறு மாநிலத்திலிருந்து அரசுத் துறை பொருள் வாங்கினால் ‘டி’ படிவம் என்ற சான்றைக் கொடுத்துக் குறைந்த வரி கட்டலாம் என்று ஒரு சலுகை வைத்திருந்தது. சட்டத்தில் இருந்த சொல் ‘அரசு’. உள்ளாட்சி என்று அதில் எழுதியிருக்கவில்லை. 2007 ஏப்ரல் 1 முதல் அந்தப் படிவமும் ஒழிந்தது. எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் இடுக்கி, இந்தப் பக்கம் தேனி. ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றும் ஜீப் தினமும் மாநில எல்லையைக் கடந்து போய்வரும் ஊர்களில் ‘வேறு மாநிலக் கொள்முதல்’ என்பது ஏதோ தொலைதூரச் சங்கதி அல்ல. போடிமெட்டு ஏறினால் மாநிலம் மாறிவிடும், அப்போதெல்லாம் வரியும் மாறிவிடும். அந்த ஒரு தலைவலியை ஜி.எஸ்.டி. தீர்த்துவைத்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தமிழ்நாட்டின் ஒப்பந்தப்புள்ளி விதிகள் அந்தக் காலத்தில், உள்மாநிலத்தாரும் வெளிமாநிலத்தாரும் ஒரே டெண்டரில் போட்டியிட்டால் மாநில விற்பனை வரியைக் கழித்துவிட்டு விலையை ஒப்பிட வேண்டும் என்று தனியாகச் சொல்லிவைக்க வேண்டியிருந்தது.

உண்மையான விலக்குச் சான்றிதழ் இருந்தது கலால் வரியில். குடிநீர்த் திட்டங்களுக்கான சுத்திகரிப்பு நிலையக் கருவிகளுக்கும், நீர் எடுக்கும் இடத்திலிருந்து நிலையம் வரையிலும் அங்கிருந்து முதல் சேமிப்புத் தொட்டி வரையிலும் போகும் குழாய்களுக்கும் 2002-லிருந்து கலால் விலக்கு கிடைத்தது. நிபந்தனை இதுதான்: திட்டம் அமையும் மாவட்டத்தின் ஆட்சியர், இந்தக் குழாய் இந்தக் குடிநீர்த் திட்டத்துக்குத்தான் போகிறது என்று சான்று தர வேண்டும். அதைக் குழாய்த் தொழிற்சாலை தன் பகுதிக் கலால் அதிகாரியிடம் கொடுத்தால் வரி கட்டாமல் சரக்கை வெளியே அனுப்பலாம். பின்னர் விலக்கு விரிந்து, திட்டத்தின் பகுதியாக அமையும் 10 செ.மீ.-க்கு மேல் விட்டமுள்ள குழாய்கள் எல்லாவற்றுக்கும் வந்தது. கடைசி ஆண்டுகளில் கலால் வரி 12.5 விழுக்காடு. குடிநீர்த் திட்டத்தின் செலவில் பெரும்பங்கு குழாயிலேயே போகும்போது இது சின்னத் தொகை அல்ல. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைப் பல மைல் தள்ளிக் கொண்டுவர வேண்டிய கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்த முறையைப் பலர் ஏக்கத்தோடு நினைக்கிறார்கள். நானும் பாதி ஏக்கத்தோடுதான் எழுதுகிறேன். மீதிப் பாதி சந்தேகம். முதலாவதாக, சான்றிதழ் கோப்பு ஒரு தனிப் பயணம் போக வேண்டும்: குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறியாளரிடமிருந்து ஆட்சியர் அலுவலகத்துக்கு, அங்கிருந்து ஒப்பந்ததாரருக்கு, அவரிடமிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து கலால் அலுவலகத்துக்கு. ஆட்சியருக்குப் பதில் வேறு அதிகாரி கையெழுத்திட்டார், முதல் சேமிப்புத் தொட்டி என்பது எது என்றெல்லாம் தீர்ப்பாயங்களில் வழக்குகள் நடந்தன. இரண்டாவது சங்கதி வெளியே அதிகம் தெரியாதது. விலக்கு பெற்ற பொருளை விற்கும் ஆலை, தான் இரும்புக்கும் ரசாயனத்துக்கும் கட்டிய வரியை வரவு வைத்துக்கொள்ள முடியாது. அல்லது விற்ற விலையில் 6 விழுக்காட்டைத் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தச் சுமையை ஆலை தன் கையிலிருந்தா போடும்? குழாய் விலையில் ஏற்றிவிடும். ஆக, ‘வரி இல்லை’ என்று முத்திரை குத்திய குழாயிலும் கொஞ்சம் வரி ஒளிந்துதான் வந்தது.

2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது கலாலோடு சான்றிதழும் போயிற்று. அதற்குப் பதிலாக வந்தது சேவைகளுக்கான விலக்கு. அரசியலமைப்பின் 243ஜி பிரிவு ஊராட்சிகளுக்கும் 243டபிள்யூ பிரிவு நகர அமைப்புகளுக்கும் ஒப்படைக்கும் பணிகள் தொடர்பாக, பொருள் எதுவும் கலக்காத ‘தூய சேவை’யை உள்ளாட்சிக்கு அளித்தால் வரி இல்லை. பதினோராம் அட்டவணையில் 29 பணிகள், பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகள். போடியிலிருந்து தேவாரம் வரும் வழியில் உள்ள சிலமலை ஊராட்சிக்கு முதல் பட்டியல், தேவாரம் பேரூராட்சிக்கு இரண்டாவது பட்டியல். குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு, சுடுகாடு, சாலை எல்லாம் இவற்றில் அடங்கிவிடும். 2018 ஜனவரி 25 முதல் ஒரு சிறு தளர்வும் வந்தது: பொருளும் சேவையும் கலந்த ஒப்பந்தத்தில் பொருளின் மதிப்பு 25 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் முழுத் தொகைக்கும் விலக்கு.

இந்த 25 விழுக்காட்டுக் கோடுதான் பேரூராட்சி அலுவலகங்களில் பாதித் தலைவலிக்குக் காரணம். துப்புரவுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தத்தில் ஆட்கள் மட்டும் என்றால் விலக்கு. துடைப்பம், பிளீச்சிங் பவுடர், தள்ளுவண்டி, சீருடை எல்லாம் ஒப்பந்ததாரரே தர வேண்டும் என்றால் அவற்றின் மதிப்பு நான்கில் ஒரு பங்கைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். யார் பார்ப்பது? டெண்டர் போடும்போது செயல் அலுவலர் பார்க்க வேண்டும். பில் எழுதும்போது ஒப்பந்ததாரர் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டு கழித்து உள்ளாட்சி நிதித் தணிக்கை பார்க்கும், அதற்கப்புறம் ஜி.எஸ்.டி. அதிகாரி பார்ப்பார். நால்வரும் நான்கு எண்ணைச் சொல்ல வாய்ப்பிருக்கிறது. விலக்குள்ள சேவைக்கு ஒப்பந்ததாரர் பயந்துபோய் வரி சேர்த்து பில் போட்டால், ‘கட்ட வேண்டாத வரியைக் கட்டினீர்கள்’ என்று பேரூராட்சிக்குத் தணிக்கைத் தடை. வரி சேர்க்காமல் போட்டால், ‘கட்ட வேண்டிய வரியைக் கட்டவில்லை’ என்று ஒப்பந்ததாரருக்கு நோட்டீஸ். இது 243டபிள்யூ பணிக்கான வேலைதான் என்று செயல் அலுவலரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இந்தப் பயத்தில் பிறந்தது. சட்டத்தில் அந்தக் கடிதத்துக்குப் படிவமும் இல்லை, கட்டாயப்படுத்தும் பலமும் இல்லை. பழைய சான்றிதழின் ஆவி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சிமெண்ட் சாலை, வாய்க்கால், மேல்நிலைத் தொட்டி போன்ற கட்டுமானப் பணிகள் ‘பணி ஒப்பந்தம்’ என்ற வகையில் வரும். பொருளின் பங்கு 25 விழுக்காட்டைத் தாண்டிவிடுவதால் இவற்றுக்கு விலக்கு இல்லை. முதலில் 18 விழுக்காடு. 2017 ஆகஸ்ட் 22 முதல் அரசு, உள்ளாட்சிப் பணிகள் பலவற்றுக்கு 12 ஆகக் குறைந்தது. 2022 ஜூன் மாதம் சண்டிகரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் அதை மறுபடி 18 ஆக்கியது. ஜூலை 18 முதல் நடப்புக்கு வந்தது. எல்.இ.டி. விளக்குக்கும் அதே நாளில்தான் 12 போய் 18 வந்தது.

ஆறு விழுக்காடுதானே என்று தோன்றும். ஒரு திட்டத்துக்கு 10 லட்சம் ரூபாய் ஒதுக்கீடு வருகிறது, அதற்குள்ளேயே வரியும் அடங்க வேண்டும் என்று வைத்துப் பார்ப்போம். 12 விழுக்காடு இருந்தபோது 8,92,857 ரூபாய்க்கு வேலை நடந்தது. 18 ஆனதும் 8,47,458 ரூபாய்க்குத்தான் நடக்கும். 45,399 ரூபாய்க்கான வாய்க்கால் காணாமல் போயிற்று. ஒதுக்கீட்டைக் கொடுத்த அரசுகளே அந்தப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டன. வலது கை கொடுத்ததை இடது கை வாங்கியது என்று சிரித்துக்கொண்டு போய்விடலாம், ஆனால் கணக்கு அப்படிச் சமமாக முடிவதில்லை. மானியம் தலைக்கு இவ்வளவு என்றோ திட்டத்துக்கு இவ்வளவு என்றோ முன்பே முடிவாகிவிட்டது. வரி ஏறியதற்காக அது ஏறவில்லை. வரி போன வழி டெல்லிக்கும் சென்னைக்கும். குறைந்த வாய்க்கால் தேவாரத்தில்.

15-ஆவது நிதிக்குழுவின் மானியத்தில் சிறு நகரங்களுக்கான பங்கில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்குமே செலவழிக்க வேண்டும் என்று கட்டிவைக்கப்பட்டது. நல்ல நிபந்தனைதான். ஆனால் அந்தப் பணத்தில் வாங்கும் பி.வி.சி. குழாய்க்கு 18 விழுக்காடு வரி. குடிநீருக்கென்றே ஒதுக்கிய பணத்தில் வரி உட்பட ஒரு லட்சத்துக்குக் குழாய் வாங்கினால் 15,254 ரூபாய் வரியாகப் போகிறது. அது குடிநீருக்குச் செலவானதாகவே கணக்கில் ஏறும்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் வழியாக நடக்கும் பணிகளில் இன்னொரு வளைவு. 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அந்த வாரியம் சட்டத்தின் கண்ணில் உள்ளாட்சியும் அல்ல, மாநில அரசும் அல்ல; ‘அரசு அதிகார அமைப்பு’. 2022 ஜனவரி 1 முதல் இத்தகைய அமைப்புகள் விலக்குப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. தேவாரத்துக்கான திட்ட அறிக்கையைப் பேரூராட்சி நேரடியாக ஒரு பொறியியல் ஆலோசகரிடம் கேட்டால் வரி இல்லை, அதே ஊருக்கு அதே அறிக்கையை வாரியம் கேட்டால் 18 விழுக்காடு என்ற விசித்திரம் உருவானது. 2023 அக்டோபர் 20 முதல் குடிநீர், பொதுச் சுகாதாரம், துப்புரவு, திடக்கழிவு மேலாண்மை போன்ற சில பணிகளுக்கு மட்டும் விலக்கைத் திருப்பித் தந்தார்கள். ஒன்றே முக்கால் ஆண்டுக்கும் மேல் இடையில் கட்டியது கட்டியதுதான்.

2025 செப்டம்பர் 22-இல் நடந்த பெரிய வரிக் குறைப்பில் சிமெண்ட் 28-லிருந்து 18 ஆனது. உள்ளாட்சிச் சாலைகள் மலிவாகிவிடும் என்று சிலர் மகிழ்ந்தார்கள். பேரூராட்சி தானே சிமெண்ட் மூட்டை வாங்கினால் மலிவுதான். ஒப்பந்ததாரர் வழியாகப் போடும் சாலையில் அவ்வளவாக ஒன்றுமில்லை: சிமெண்டுக்குக் கட்டிய வரியை அவர் முன்பும் வரவு வைத்துக்கொண்டுதான் இருந்தார், பேரூராட்சிக்கு அவர் போடும் 18 விழுக்காடு அப்படியே இருக்கிறது. இன்னும் வேடிக்கை, நான்கில் மூன்று பங்குக்கு மேல் மண்வேலையாக உள்ள அரசுப் பணிகளுக்கு 12 ஆக இருந்த வரி அதே நாளில் 18 ஆனது. கண்மாய்க் கரையைப் பலப்படுத்தும் வேலை 25 விழுக்காட்டு விலக்குக்குள் வராவிட்டால் இனி முழு வரி. மழை மறைவுப் பக்கத்தில் கண்மாயை நம்பி இருக்கும் ஊர்களுக்கு இது நல்ல சேதி அல்ல. பண்டிகைக்கால வரிக்குறைப்பு விளம்பரங்களில் இந்த வரி இடம்பெற்றதாகவும் தெரியவில்லை.

தனியார் வணிகர் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியை விற்கும்போது கழித்துக்கொள்கிறார். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்பவருக்கு அந்த வசதி உண்டு. பேரூராட்சிக்கு ஏன் இல்லை? அது தண்ணீரையும் தெருவிளக்கையும் ‘விற்பதில்லை’. பொது அதிகார அமைப்பாகச் செய்யும் பணி வணிகமே அல்ல என்று சட்டம் மரியாதையாக ஒதுக்கிவைத்துவிட்டது. அந்த மரியாதைக்கு விலை, கழிவு கிடையாது. பேரூராட்சிக் கடைகளின் வாடகைக்கு ஜி.எஸ்.டி. உண்டு, அந்தச் சிறு வணிகப் பகுதிக்கு மட்டும் கொஞ்சம் வரவு எடுக்கலாம். குழாய்க்கும் விளக்குக்கும் கட்டிய வரி செலவோடு செலவாகக் கரைந்துபோகிறது. கடைசி நுகர்வோர் யார் என்று வரிச்சட்டம் தேடி வந்து, பேரூராட்சியைக் கைகாட்டிவிட்டுப் போகிறது.

வரி விலக்கு இல்லாவிட்டாலும் வரி வசூலிக்கும் வேலை மட்டும் உண்டு. 2018 அக்டோபர் 1 முதல் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் பில் தொகையிலிருந்து 2 விழுக்காட்டைப் பிடித்து உள்ளாட்சி அரசுக்குக் கட்ட வேண்டும், மாதாமாதம் படிவம் போட வேண்டும். இது கூடுதல் வரி அல்ல, ஒப்பந்ததாரரின் கணக்கில் வரவாகும். ஆனால் நான்கைந்து எழுத்தர்களை வைத்து ஓடும் அலுவலகத்துக்கு இது கூடுதல் வேலை. தாமதமானால் அபராதம்.

மற்ற நாடுகள் இந்தச் சிக்கலை எப்படி அவிழ்த்தன? அமெரிக்காவில் விற்பனை வரி மாநிலங்களின் கையில். டெக்சாஸ் போன்ற பல மாநிலங்களில் நகராட்சி ஒரு விலக்குச் சான்றிதழைக் கடைக்காரரிடம் கொடுத்தால் வரி இல்லாமல் வாங்கலாம். கலிபோர்னியாவோ தன் நகரங்கள் வாங்கும் பொருளுக்கும் வரி போடுகிறது. எங்கள் ஊருக்கு இதில் எடுத்துக்கொள்ள அதிகமில்லை. அங்கே கடைசிக் கடையில் மட்டும் வரி, இங்கே ஒவ்வொரு படியிலும் வரி. நம்முடையதைப் போன்ற மதிப்புக் கூட்டு முறை உள்ள பிரிட்டன் வேறு வழி எடுத்தது. உள்ளாட்சி மன்றம் எல்லோரையும் போல வரி சேர்த்தே வாங்கும். வணிகமல்லாத பணிகளுக்காகக் கட்டிய வரியை அரசு திருப்பிக் கொடுத்துவிடும். 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு அதற்கென்றே இருக்கிறது. உள்ளூர் மக்கள் கட்டும் வரிமேல் மத்திய வரி ஏறக்கூடாது என்பது அதன் கொள்கை. கனடா முதலில் நகராட்சிகளுக்கு ஒரு பகுதியை மட்டும் திருப்பித் தந்தது. 2004 பிப்ரவரி முதல் மத்திய ஜி.எஸ்.டி. முழுவதையும் திருப்பித் தருகிறது.

திருப்பிக் கொடுப்பதன் அழகு, பழைய சான்றிதழின் இரண்டு நோய்களும் அதில் இல்லாததுதான். ஆலை வழக்கம்போல வரி கட்டி வழக்கம்போல வரவு எடுத்துக்கொள்ளும், ஒளிந்த வரி இருக்காது. கடைக்காரர் எந்தத் தாளையும் சரிபார்க்க வேண்டியதில்லை. கூலியா பொருளா, 25 விழுக்காடா 26-ஆ என்ற வழக்கும் செத்துவிடும். எது எப்படியிருந்தாலும் வரி கட்டு, கட்டியதைத் திரும்பப் பெறு.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை என்பதுதான் பலர் கவனிக்காத செய்தி. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 55-ஆவது பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. ஐ.நா. அமைப்புகள், வெளிநாட்டுத் தூதரகங்கள், ‘இதற்கெனக் குறிப்பிடப்படும் வேறு எந்த நபர் அல்லது நபர் வகுப்பும்’ கட்டிய வரியைத் திரும்பப் பெறலாம் என்கிறது அது. ராணுவக் கேன்டீன் துறை இந்தப் பிரிவின் கீழ்தான் கட்டிய வரியில் பாதியைத் திரும்பப் பெறுகிறது. தூதரகத்துக்கும் ராணுவக் கேன்டீனுக்கும் கிடைப்பது, குடிநீர்க் குழாய் பதிக்கும் பேரூராட்சிக்குக் கிடைக்கக்கூடாது என்பதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஜி.எஸ்.டி. மன்றம் பரிந்துரைத்து ஒரு அறிவிக்கை போட்டால் முடிகிற காரியம்.

எதிர்வாதங்கள் உண்டு. அரசுகளுக்கு வருவாய் போகும் என்பது முதல் வாதம். போகத்தான் செய்யும், ஆனால் அது மானியமாகக் கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொண்ட பணம். மானியத்தையே கூட்டிக் கொடுத்துவிடலாமே என்பது இரண்டாவது. நேர்மையான வாதம், ஆனால் மானியம் மக்கள்தொகையைப் பார்த்து வருகிறது, வரி செலவைப் பார்த்துப் போகிறது. அதிகமாக வேலை செய்யும் ஊர்தான் அதிகமாக வரி கட்டுகிறது. மூன்றாவது வாதம்தான் எனக்குக் கொஞ்சம் கனமாகப் படுகிறது: சிறு பேரூராட்சிகளால் காலாண்டுக்கு ஒருமுறை பில்களைத் தொகுத்து வரியைத் திருப்பிக் கேட்க முடியுமா? தேனி மாவட்டத்தில் மட்டும் 22 பேரூராட்சிகள், 130 ஊராட்சிகள். ஊராட்சிச் செயலரின் மேசையில் இன்னொரு இணையப் படிவத்தை வைப்பது உதவியா உபத்திரவமா? ஆனால் பொருள் விற்றவர் தன் படிவத்தில் உள்ளாட்சியின் எண்ணைப் பதிந்தாலே கட்டிய வரி கணினியில் தானாகத் தெரியும். 2 விழுக்காடு பிடித்தம் செய்வதற்காகப் பதிவு எண்ணும் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. பிடிக்கத் தெரிந்த கணினிக்குத் திருப்பித் தரவும் கற்றுக்கொடுக்கலாம்.

தொடக்கமாகக் குடிநீர், துப்புரவு, தெருவிளக்கு ஆகிய மூன்றுக்கு மட்டுமாவது கட்டிய வரியில் பாதியையாவது திருப்பித் தரக் கேட்கலாம். பாதி என்பதற்கு ராணுவக் கேன்டீன் முன்னுதாரணம் கையில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. மன்றத்தில் தமிழ்நாட்டின் குரலாக உட்காருபவர் மாநில நிதி அமைச்சர். தேவாரமும் அக்கம்பக்கத்துப் பேரூராட்சிகளான பண்ணைப்புரமும் கோம்பையும் தங்கள் அடுத்த பேரூராட்சி மன்றக் கூட்டத்தில் ஆளுக்கொரு தீர்மானம் நிறைவேற்றி, சென்ற ஆண்டு பொருள் கொள்முதலில் கட்டிய ஜி.எஸ்.டி. எவ்வளவு என்ற கணக்கையும் சேர்த்து அவருக்கு அனுப்பலாம். கவுன்சிலர்கள் அந்த ஒரு எண்ணைச் செயல் அலுவலரிடம் கேட்டு வாங்கட்டும். வார்டு மக்களும் கேட்கலாம்.